வலக்கையும் ‘முடியாது’ என்ற சொல்லும்

சென்ற மாதம் ஆம்பூரில் ஜும்ஆ முடிந்து வெளியே வந்தபோது, ஷூ கம்பெனியில் வேலை பார்க்கும் ஒருவர் தம் பதினாறு வயது மகனுடன் வந்து ஸலாம் சொன்னார். “ஹஜ்ரத், இவனுக்குப் பிறவியிலிருந்தே வலக்கை வராது. இடக்கையால் சாப்பிடுகிறான். வலீமா விருந்துகளில் பெரியவர்கள் கண்டிக்கிறார்கள்” என்றார். பையன் தலைகவிழ்ந்து நின்றான்.

கண்டிப்பவர்கள் காட்டும் ஹதீஸ் ஸஹீஹ் முஸ்லிமில் உள்ளதுதான். நாயகம் (ஸல்) அவர்கள் முன்னிலையில் இடக்கையால் உண்ட ஒருவர், வலக்கையால் உண்ணுமாறு ஏவப்பட்டபோது முடியாது என்றார். முடியாமலே போகட்டும் என்றார்கள் நாயகம். அதன்பின் அவர் கை வாய்க்கு உயரவில்லை. இத்தோடு நிறுத்திக்கொள்கிறார்கள் நம்மவர்கள். அவரைத் தடுத்தது பெருமைதான் என்று அதே ஹதீஸில் வருவதை விட்டுவிடுகிறார்கள். அவர் சொன்ன ‘முடியாது’ பொய். இந்தப் பையனுடையது மெய். நோய், காயம் போன்ற உஸ்ர் இருந்தால் இடக்கையால் உண்பது மக்ரூஹ் அல்ல என்று இமாம் நவவீ (ரஹ்) தெளிவாக எழுதியிருக்கிறார்கள்.

உஸ்ர் உண்டு என்பதற்காகக் கையை அப்படியே விட்டுவிடலாமா? பெருமூளை வாதத்தில் பழுது கையில் இல்லை. பிறக்குமுன்போ, பிறக்கும்போதோ, பிறந்த சில காலத்திலோ மூளைக்கு ஏற்பட்ட சேதம் அது. அந்தச் சேதம் வளர்வதில்லை. ஆனால் பழக்காத கை இறுகிப்போகும். வேலூர் பாகாயத்தில் சி.எம்.ஸி.யின் புனர்வாழ்வு நிலையம் 1966-லேயே திறக்கப்பட்டது. அதற்குத் தலைமை வகித்த டாக்டர் மேரி வர்கீஸ், 1954-ல் வாகன விபத்தில் கால்கள் செயலிழந்தும், சக்கர நாற்காலியில் அமர்ந்தே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை செய்தவர். அவ்வழியே எத்தனை முறை பஸ்ஸில் போயிருப்போம்!

நல்ல கைக்கு உறை மாட்டி, தினம் சில மணி நேரம் பலவீனக் கையையே வேலை வாங்குவது ஒரு சிகிச்சை முறை. “அது ஜுல்ம் ஆகாதா?” என்று தகப்பனார் கேட்டார். சிறு குழந்தைக்குக் கசப்பு மருந்து புகட்டுவது ஜுல்ம் அல்லவே! ஆனால் இவன் பாலிகானவன். தொழுகை இவன்மீது ஃபர்ளு. நாளைக் கேள்விக் கணக்கும் இவனுக்கே. ஆகவே இவனைக் கேளாமல் இவன் கையைக் கட்டலாகாது. இரு கைகளையும் சேர்த்துப் பழக்கும் முறையும் உண்டு. அதே அளவு நேரம் செய்தால் ஏறத்தாழ அதே பலன் கிட்டுவதாக ஆய்வுகள் கண்டுள்ளன. அப்படியிருக்கக் கட்டாயம் எதற்கு? மறு கையைப் போலவே ஆகிவிடும் என்று யாரும் ஆசை காட்டவும் வேண்டாம். ஒளுச் செம்பைப் பிடிக்க, சட்டைப் பொத்தானைப் போட உதவினாலே பெரிது.

“தம்பி, அந்தக் கை எதற்கு வேண்டும் உனக்கு?” என்று கேட்டேன். தட்டைக் காட்டுவான் என்றே எண்ணினோம்.

“சைக்கிளில் வலப்பக்கத்துப் பிரேக்கைப் பிடிக்கணும், ஹஜ்ரத்” என்றான்.