தோற்ற தெய்வங்களும் ஏழு நாள் கெடுவும்

தீமையின் வடிவங்கள் என்று சமயங்கள் விலக்கிவைத்த பேய்களை மனிதன் தானே விரும்பி அழைத்து, அவற்றுக்கு விலை பேசி, தன் படையில் சேர்த்துக்கொண்டு போரிடும் ஒரு விளையாட்டு எதனால் ஈர்க்கிறது என்னும் வினா, பொழுதுபோக்கைப் பற்றியதாகத் தோன்றினாலும், உண்மையில் சமய மெய்யியலைச் சேர்ந்தது. விலக்கப்பட்டதன்மேல் மனத்துக்கு உண்டாகும் ஆசையே காரணம் என்று சொல்லி முடித்துவிடுவது எளிது. ஆனால் ஜப்பானிய நிறுவனமான அட்லஸ் 2009ஆம் ஆண்டு நின்டெண்டோ டிஎஸ் என்னும் கையடக்கக் கருவிக்காக வெளியிட்ட 'ஷின் மெகாமி டென்செய்: டெவில் சர்வைவர்' என்னும் விளையாட்டை உற்று நோக்கினால் அவ்விடை போதாது என்பது விளங்கும். தீமை பேயின் பிறவிக்குணமா, பேயிடம் மனிதன் வேண்டி நிற்பதில் பிறப்பதா என்னும் பழைய வழக்கை அது மீண்டும் விசாரணைக்கு எடுத்துக்கொண்டு, விளையாடுபவரையே அவ்வழக்கில் பொறுப்பாளியாக நிறுத்துகிறது. அதன் ஈர்ப்பின் வேர் அங்கேதான் இருக்கிறது.

விளையாட்டின் களம் டோக்கியோ. அந்நகரின் நடுப்பகுதியைச் சுற்றி ஓடும் யமனோத்தே ரயில்பாதையின் வளையத்துக்குள் பேய்கள் வெளிப்படத் தொடங்கியதும், ஜப்பானின் தற்காப்புப் படை அப்பகுதியை அடைத்துவிடுகிறது. உள்ளே சிக்கிய இளம் நண்பர்கள் மூவருக்கு, கதைத்தலைவனின் உறவினனான நவோயா கொடுத்த கருவிகளின் வழியே பேய்களை அழைக்கும் ஆற்றல் கிடைக்கிறது. இது 'உத்திசார் பாத்திர விளையாட்டு' என்னும் வகையைச் சேர்ந்தது. அதாவது கட்டங்களாகப் பிரிக்கப்பட்ட நிலப்பரப்பில் முறைவைத்துப் படைகளை நகர்த்தும் போர்க்கணக்கும், கதைமாந்தர் போரிடப் போரிட வலிமை பெற்று வளரும் கதைப்போக்கும் ஒன்றாக இணைந்த வடிவம். ஒரு மனிதனும் இரண்டு பேய்களும் சேர்ந்தது ஓர் அணி. எந்தப் பேயை யாரோடு சேர்ப்பது, எந்த அணியை முன்னே அனுப்புவது, வீழ்த்தும் எதிரியிடமிருந்து எந்தத் திறனைப் பறிப்பது என்னும் தீர்மானங்களே ஆட்டத்தின் பெரும்பகுதி. கதைக்குள் வரும் அழைப்புக் கருவி, விளையாடுபவர் விரித்துப் பிடித்திருக்கும் இரட்டைத்திரைக் கருவியின் சாயலிலேயே அமைந்திருப்பதால், கதைமாந்தன் செய்யும் உடன்படிக்கையில் விளையாடுபவரின் கையும் படிந்துவிடுகிறது.

அயா நிஷிதானியின் நாவலை மூலமாகக் கொண்டு 1987இல் தொடங்கிய 'மெகாமி டென்செய்' விளையாட்டு வரிசையின் ஒரு கிளையே இது. கணிப்பொறியைக் கொண்டு பேயை அழைத்தல் என்னும் கருவும் அந்நாவலிலிருந்து வந்ததே. பல நாட்டுத் தெய்வங்களும் தேவதூதர்களும் அசுரர்களும் நாட்டார் வழக்கின் ஆவிகளும் அவ்வரிசையில் ஒரே பொதுத் தலைப்பின்கீழ் இடம்பெறுகின்றனர். சிவனும் காளியும் கணேசனும், நார்ஸ் புராணத்தின் லோகியும், யூத மரபின் மெட்டட்ரானும் ஒரே பட்டியலுக்குள் அடங்குவர். ஓரிறைக் கொள்கையில் வளர்ந்தவருக்கு இது குழப்பமாகத் தோன்றலாம். ஜப்பானின் சமய வரலாற்றிலோ இதற்கு நீண்ட முன்வரலாறு உண்டு. பௌத்தத்தின் வழியே சீனம் கடந்து அங்கே சென்ற இந்தியத் தெய்வங்களுள் சரசுவதி பென்சாய்தென் ஆகவும், மகாகாலன் தைகோகுதென் ஆகவும், இந்திரன் தைஷாகுதென் ஆகவும், கணபதி காங்கிதென் ஆகவும் நிலைபெற்றனர். ஷிங்கோன் பௌத்தம் போற்றும் கருப்பை மண்டல ஓவியத்தில் மகாவைரோசன புத்தர் நடுவே வீற்றிருக்க, இந்தியத் தெய்வங்கள் புறச்சுற்றில் இடம் பெற்றிருக்கின்றனர். உள்நாட்டுத் தெய்வங்களைப் புத்தர்களின் வெளிப்பாடுகளாக விளக்கிய 'ஹோன்ஜி சுய்ஜாகு' என்னும் கொள்கையும் இதே போக்கினது. அயலாரின் தெய்வத்தைப் பொய்யென்று தள்ளாமல் வரிசையில் ஓரிடம் கொடுத்து அமர்த்தும் இந்த மரபு, வழிபாட்டு உணர்வு நீங்கிய நிலையில், விளையாட்டின் பேய்ப்பட்டியலாகத் தொடர்கிறது எனலாம்.

இப்பட்டியலுக்குள் டெவில் சர்வைவர் தேர்ந்தெடுத்துக்கொண்ட வரலாறு ஒன்று உண்டு. பண்டைக் கானான் நாட்டில் புயலுக்கும் மழைக்கும் வளத்துக்கும் அதிபதியாக வணங்கப்பட்ட பாகால் என்னும் தெய்வம், எபிரேய மறைநூல்களில் கடுங்கண்டனத்துக்கு உள்ளாயிற்று; அவ்வழிபாட்டை ஆதரித்த அரசி யேசபேல் கொடுமையின் உருவமாக நிலைத்தாள்; எக்ரோன் நகரத்தாரின் தெய்வமான பாகால்செபூப், பிற்கால மரபில் பேய்களின் தலைவனாக ஆக்கப்பட்டான். சிரியாவின் ராஸ் ஷம்ராவில் 1929 முதல் அகழ்ந்தெடுக்கப்பட்ட உகாரித் நகரத்துக் களிமண் பலகைகள் படிக்கப்படும்வரை, பாகாலைப் பற்றி உலகம் அறிந்திருந்தவற்றுள் பெரும்பகுதி அவனை வெறுத்தவர்கள் எழுதிவைத்ததே. விளையாட்டில் 'பெல்' என்னும் பெயரைத் தாங்கிய பேய்கள், சிதறிப்போன ஒரு பேராற்றலின் துண்டுகளாக நின்று, இழந்த அரியணைக்காகத் தங்களுக்குள் போரிடுகின்றன. யேசபேலும் பாகால்செபூபும் அவற்றுள் அடங்குவர். பெயரொலியின் நெருக்கத்தை மட்டும் பற்றிக்கொண்டு நார்ஸ் புராணத்தின் பால்டரையும் இக்கூட்டத்தில் சேர்த்திருப்பது வரலாற்றுக்குப் புறம்பான புனைவு என்றாலும், தோற்றவர்களின் தெய்வம் வென்றவர்களின் நூல்களில் பேயாகிறது என்னும் சமய வரலாற்று உண்மையை விளையாட்டு பிடித்திருக்கிறது. வெல்லப்பட்ட தெய்வங்களின் தரப்பைக் கேட்கும் இடத்தில் விளையாடுபவர் அமர்த்தப்படும்போது, பேயின்மேல் பிறக்கும் ஆர்வம் தீமையின்மேல் பிறக்கும் ஆசையோடு ஒன்றாகிவிடுவதில்லை.

பேய்களைப் பெறும் வழி ஏலம். 'மக்கா' என்னும் நாணயத்தைச் செலவிட்டு, பிறரை விஞ்சி விலை கேட்டால் பேயின் சேவை உரிமையாகும். பெற்ற பேய்கள் இரண்டை ஒன்றாக உருக்கிக் கலந்தால் புதியதொரு பேய் தோன்றும். தெய்வத்தோடு கொடுக்கல் வாங்கல் என்பது சமயங்களுக்குப் புதியதன்று. வேத வேள்வியும் உரோமரின் நேர்த்திக்கடனும் ஈவதும் பெறுவதுமான ஒழுங்கின்மேல் எழுந்தவை. பக்தி இயக்கங்கள் அவ்வொழுங்கைக் கடந்து, கைம்மாறு கருதாத அன்பை முன்வைத்தன. விளையாட்டின் உலகத்திலோ அன்புக்கும் இடமில்லை, வேள்வியின் புனிதத்துக்கும் இடமில்லை. எஞ்சியிருப்பது விலை மட்டுமே. ஐரோப்பிய ஃபாவுஸ்ட் கதையில் பேயோடு ஒப்பந்தம் செய்தவன் தன் ஆன்மாவையே விலையாகக் கொடுக்க, இங்கே பேய்கள் ஆன்மாவைக் கேட்பதில்லை. ஒப்பந்தத்தின் விலை அதைச் செய்தவரைவிட்டு மற்றவர்மேல் விழுகிறது. அடைபட்ட நகரில் அழைப்புக் கருவி கிடைத்தவர்கள் கருவியில்லாதவர்களை மிரட்டி ஆளத் தொடங்குகின்றனர். உணவும் நீரும் குறையக் குறையக் கொடுமை கூடுகிறது. அக்கொடுமைகளுக்குப் பேயின் கொடூரத்தைக் காட்டிலும் வலிமையின் ஏற்றத்தாழ்வே மிகுதியாகக் காரணமாகிறது.

இந்தச் சிந்தனை கெய்சுகே என்னும் இளைஞனின் கதையில் கூர்மை பெறுகிறது. நேர்மையில் பிடிப்புள்ள அவன், பேய்களின் துணையால் மனிதர் செய்யும் அநீதியைக் கண்டு மனம் கசந்து, யமனோடு உடன்படிக்கை செய்துகொள்கிறான். குற்றவாளிகளைத் தானே தீர்ப்பிட்டுத் தண்டிக்கத் தொடங்குகிறான். இந்திய மரபில் யமன் தீயவன் அல்லன், அறத்தின் பெயரையே தாங்கிய தருமராசன். ஜப்பானிய பௌத்தத்திலும் என்மா என்னும் பெயரில் இறந்தோரின் நடுவன். அத்தகைய நடுவனின் ஆற்றல் வருந்துவதற்கும் திருந்துவதற்கும் காலம் தராத ஓர் இளைஞனின் கைக்கு வரும்போது, நீதி என்பதே கொலைக்கருவியாகிவிடுகிறது. பேயின் தரம் உயர்ந்ததாக இருந்தும் உடன்படிக்கை தீயதாக முடியலாம் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று விளையாட்டில் இல்லை. அவனை மீட்பதும் இழப்பதும், அதற்கு முன்னர் அவனோடும் அவனைச் சார்ந்தோரோடும் விளையாடுபவர் எப்படிப் பேசினார் என்பதைப் பொறுத்தது.

பேசுவதற்கும் காலம் வேண்டும். விளையாட்டின் மெய்யியல் ஆழம் காலத்தை அது கையாளும் முறையில் வெளிப்படுகிறது. ஒருவரைச் சந்தித்துப் பேசும் ஒவ்வொரு நிகழ்வுக்கும் கதைக்குள் அரைமணி நேரம் செலவாகும். ஆகவே ஒருவரைக் காண்பது மற்றொருவரைக் காணாமல் விடுவதாகவும் ஆகிவிடும். மனிதர்களின் தலைக்குமேல் அவர்களுக்கு எஞ்சியுள்ள நாள்களின் எண் தோன்றுகிறது. காலைதோறும் அன்றைய நிகழ்வுகளை முன்னறிவிக்கும் 'லாப்லாஸ் மெயில்' வருகிறது. அண்டத்தின் எல்லாப் பொருள்களின் நிலையையும் அவற்றின்மேல் செயல்படும் விசைகளையும் ஒரு கணத்தில் அறியும் அறிவு இருக்குமானால் அதற்கு எதிர்காலமும் மறைவில்லை என்று 1814இல் வெளியான நூலில் எழுதிய பிரெஞ்சுக் கணிதவியலாளர் லாப்லாஸின் கருத்தே அப்பெயரின் மூலம். முன்னறிவு உண்டென்றால் மனிதனுக்கு விருப்புரிமை உண்டா என்னும் சிக்கலுக்கு, இறைவன் எல்லாக் காலத்தையும் நிலையான நிகழ்காலமாகக் காண்பதால் அவன் அறிவு எவரையும் கட்டாயப்படுத்துவதில்லை என்று ஆறாம் நூற்றாண்டின் மெய்யியலாளர் போயீத்தியஸ் விடை கண்டார். எல்லாம் நியதிப்படியே என்று கொண்ட பண்டை இந்தியாவின் ஆசீவகர், முயற்சியால் எதுவும் மாறாது என்றனர். விளையாட்டு இவ்விரண்டையும் ஏற்காமல், முன்னறிவிப்பை எச்சரிக்கையாக எடுத்துக்கொள்கிறது: தொடக்கத்தில் கதைத்தலைவர்களின் தலைமேலேயே பூச்சியம் நிற்கிறது, அவர்கள் போராடி வென்றால் எண் மாறுகிறது. அறியப்பட்ட விதி அறியப்பட்டதனாலேயே மாற்றத்தக்கதாகிறது.

இத்தனைக்கும் மேலே நிற்பது இறைவனின் சோதனை. மனிதகுலம் பேய்களின் ஆற்றலை விலக்க வல்லதா என்று அறிய ஏழு நாள் கெடு விதிக்கப்பட்டதாகத் தேவதூதர்கள் கூறுகின்றனர். அடைபட்டவர்கள் தேறாவிட்டால் மனிதர் அனைவரும் தம் விருப்புரிமையை இழப்பர். தீயவரோடு நல்லவரையும் சேர்த்து அழிப்பது நீதியா என்று சோதோம் நகருக்காக ஆபிரகாம் கேட்ட கேள்வியே இங்கே மீண்டும் எழுகிறது. இறைவனின் பெயரால் பேசும் ஷோமோன்காய் என்னும் புதுச்சமய இயக்கத்தின் பாத்திரம், 1995 மார்ச் 20 அன்று டோக்கியோ சுரங்க ரயிலில் ஓம் ஷின்ரிக்யோ இயக்கத்தார் சரின் நச்சுவாயுவை வெளியிட்ட கொடுமையை அறிந்த வாசகருக்கு மேலும் கனத்துத் தெரியும். கதையின் இறுதியில் பல வழிகள் திறக்கின்றன: இறைவனின் ஆணையை ஏற்று அவன் தூதனாகலாம், இறைவன்மேல் வஞ்சினம் கொண்ட, விவிலியக் காயீனின் மறுபிறவியான நவோயாவோடு சேர்ந்து போர் தொடுக்கலாம், பேய்களை மனிதரின் பயனுக்கு அடக்கி ஆளலாம், அவற்றைத் திருப்பி அனுப்பலாம், எல்லாவற்றையும் விட்டுத் தப்பியோடலாம். இவற்றுள் குறையற்றது ஒன்றுமில்லை. பணிவு உரிமையை இழக்கிறது, கலகம் அமைதியை இழக்கிறது, தப்பித்தல் பொறுப்பை இழக்கிறது.

இவ்வளவு சொன்ன பிறகும் தடைகளை மறைக்கலாகாது. உயிரோடிருக்கும் சமயத்தாரின் தெய்வங்களை விலைக்கு வாங்கும் படைவீரராக்குவது அவர்களைப் புண்படுத்தக்கூடும். 2012இல் 'ஸ்மைட்' என்னும் அமெரிக்க விளையாட்டில் காளி சித்திரிக்கப்பட்ட விதத்தை அந்நாட்டு இந்துக்கள் சிலர் எதிர்த்தது இதனாலேயே. வழிபடுவோர் இல்லாத பாகாலும் நாள்தோறும் பூசை கொள்ளும் காளியும் ஒரே நிலையில் வைக்கத்தக்கவர் அல்லர் என்பதை இவ்வகை விளையாட்டுகள் எண்ணிப் பார்ப்பதில்லை. மேலும், ஆபிரகாமிய மரபின் இறைவனை ஆணையிடும் நடுவனாக மட்டும் காட்டி, அம்மரபு பேசும் இரக்கத்தை விளையாட்டு புறக்கணிக்கிறது. எல்லாவற்றையும்விடப் பெரிய குறை வடிவத்தைச் சார்ந்தது: தவறிய இடத்திலிருந்து மீண்டும் தொடங்கும் வசதி விளையாடுபவருக்கு உண்டு; கெய்சுகேக்கு அது கிடையாது. திரும்பப்பெற இயலாமையே முடிவெடுத்தலுக்குக் கனம் தருவதால், அக்கனத்தைக் கதை ஏற்றிவைக்க, கருவி இறக்கிவிடுகிறது.

ஆயினும் இக்குறைகள் விளையாட்டின் அடிப்படைக் கருத்தைப் பொய்யாக்குவதில்லை. பேய் எனப்படுவது பெரும்பாலும் தோற்றுப்போன தெய்வமே. அதன் ஆற்றல் தன்னளவில் நன்றுமன்று, தீதுமன்று. அதைக் கொண்டு எளியவரை என்ன செய்கிறோம் என்பதிலேயே தீமை தொடங்குகிறது. பேய்ப்படங்களைக் கண்ட அளவில் இவ்விளையாட்டை நாத்திகத்தின் கருவியென்றோ தீயவழிபாடென்றோ விலக்குவோர், அது எழுப்பும் நீதி பற்றிய வினாவைத் தவறவிடுகின்றனர். அவ்வினாவுக்கு விடை கூறும் கடமை விளையாட்டை உருவாக்கியவர்களைக் காட்டிலும், இறைநீதியை நம்புவோருக்கே மிகுதியாக உண்டு.