படகின் பெயர் என்ன?

நெஞ்சில் குத்தும் பெயர் அட்டை ஒன்றில் ஒரு வரி காலியாக இருந்தது. நடந்தது அவ்வளவுதான். அமெரிக்காவில் ஒரு படகுக்காரர் கூட்டத்துக்கு உறவுக்காரர்களோடு போய்வந்த தமிழ்ப் பெண்மணி ஒருவரை, ஊர் திரும்பிய பிறகும் அந்தக் காலி வரி விடுவதாயில்லை.

கூட்டம் நடந்தது அலபாமாவில், டென்னசி ஆற்றங்கரைப் படகுத்துறை ஒன்றில். வந்தவர்கள் 'கிரேட் லூப்' சுற்றுகிறவர்கள். அட்லாண்டிக் கரையோரமாக வடக்கே ஏறி, ஈரி கால்வாய், பேரேரிகள், சிகாகோ, மிசிசிப்பி, டென்னசி-டாம்பிக்பி நீர்வழி என்று இறங்கி, வளைகுடா வழியாகப் புளோரிடாவுக்கு வந்து சேர்ந்தால் ஏறத்தாழ 6,000 மைல். பலரும் ஓராண்டு எடுத்துக்கொள்கிறார்கள். சுற்றிக்கொண்டிருப்பவர் படகில் வெள்ளைக் கொடி பறக்கும். முடித்துவிட்டால் தங்க நிறம். பெரும்பாலும் வேலையிலிருந்து ஓய்வுபெற்ற தம்பதிகள்.

மாலையானால் ஆளுக்கொரு மடக்கு நாற்காலி, கையில் ஒரு கோப்பை, பொதுவில் வைக்க ஒரு தட்டு தீனி. பேச்சு எங்கே தொடங்கினாலும் இல்லினாய் பக்கத்து ரயில் பாலத்துக்கு வந்து நிற்கும். தூக்க முடியாத பாலம். நீருக்கு மேலே சுமார் 19½ அடிதான் இடைவெளி. அதற்குள் நுழையாத படகு இந்தச் சுற்றை முடிக்க முடியாது.

இவர்கள் ஒருவரையொருவர் படகின் பெயரால்தான் அறிகிறார்கள். அதற்குக் காரணமும் இருக்கிறது. ரேடியோவில் கூப்பிடுவது படகின் பெயரைச் சொல்லித்தான். கால்வாய் மதகில் பதில் சொல்வதும் அப்படித்தான். மாதக்கணக்கில் குரலாக மட்டுமே தெரிந்தவரைக் கரையில் பார்க்கும்போது, நெஞ்சில் குத்திய அட்டையில் ஆள் பெயருக்குக் கீழே இருக்கும் படகின் பெயரைத்தான் கண் தேடுகிறது.

சுற்றை முடித்துப் படகை விற்றுவிட்ட பெரியவர் ஒருவர் அங்கே வந்திருந்தார். முடித்த கையோடு விற்பது அங்கே சகஜம். அவர் அட்டையில்தான் அந்த வரி காலி. கை கொடுக்க வருகிறவர் சிரித்துக்கொண்டே வருவார், கண் அட்டைக்கு இறங்கும், காலி இடத்தில் அரை நொடி தட்டும், மறுபடி முகத்துக்கு ஏறும். யாரும் அவமதிக்கவில்லை. அந்தப் பாலத்தைப் பற்றி அவர் சொன்னதைச் சுற்றி நின்று கேட்கவும் செய்தார்கள். ஆனாலும் அந்த அரை நொடி. பெண்மணி அதை எண்ணத் தொடங்கி, பிறகு வெட்கப்பட்டு நிறுத்திக்கொண்டார்.

அந்தக் காலி வரி பெண்மணிக்குத் தன் அப்பாவை நினைவூட்டியது. தஞ்சைப் பக்கம் ஒரு சிற்றூரில் போஸ்ட்மாஸ்டர். ஓய்வுபெற்ற பிறகும் மளிகைக்கடைக்காரர் முதல் கோயில் குருக்கள் வரை "போஸ்ட்மாஸ்டர் சார்" என்றே கூப்பிட்டார்கள். அடுத்தடுத்து புது போஸ்ட்மாஸ்டர்கள் வந்தார்கள். அவர்களுக்கு அந்தப் பெயர் ஒட்டவேயில்லை. வேலை போன பிறகும் ஊர் பெயரைப் பிடுங்கவில்லை. அது பெருந்தன்மையா, சோம்பலா?

கல்லூரி நாளில் அரைகுறையாகப் படித்த ஜோஷுவா ஸ்லோகமும் இங்கே குறுக்கிடுகிறார். 1887-ல் பிரேசில் கரையில் கப்பல் உடைந்துபோய், கப்பலில்லாத கேப்டனாக நின்றவர். நீராவிக் காலம் வந்துவிட்டதால் பாய்மரக் கேப்டன்களைச் சீந்துவாரில்லை. நண்பர் ஒருவர் "கப்பல் தருகிறேன்" என்றார். போய்ப் பார்த்தால் வயல்வெளியில் முட்டுக்கொடுத்து நிறுத்திய மட்கிய படகு. அதைப் பலகை பலகையாகப் புதுப்பித்து, 1895-லிருந்து 1898 வரை தன்னந்தனியாக உலகைச் சுற்றினார். நீச்சலும் தெரியாதாம்! பிறகு நிலம் வாங்கி விவசாயம் பார்த்தும் மனம் ஒட்டவில்லை. 'ஸ்ப்ரே' என்ற அதே படகில் கிளம்பிப்போனவர் திரும்பவேயில்லை. படகில்லாத ஸ்லோகமைக் கற்பனை செய்ய முடியவில்லை என்பது வாசகரின் கோளாறா, அவருக்கே அப்படித்தானா?

படகுக்காரர்களின் வழக்கமே நேர்மையானது என்று சில நாள் தோன்றுகிறது: படகு இல்லையா, அப்போது நீ யார் என்று அரை நொடியாவது கேட்டுவிடுகிறார்கள். அப்பாவை அப்படி யாருமே கேட்டதில்லை. வேறு நாள், கேட்காமல் விட்டதே மரியாதை என்று படுகிறது.

அப்பாவுக்கு அந்த அழைப்பு பிடித்திருந்ததா? அம்மாவைக் கேட்டால், அதற்காகவே தினமும் கடைத்தெருவுக்குப் போவார் என்கிறார். தம்பியோ, அதற்குப் பயந்துதான் அப்பா பின்தெரு வழியாக நடந்தார் என்கிறான். இருவரும் அதே வீட்டில் இருந்தவர்கள்தான்.