ஒட்டிய சிரிப்பு

ஆடிக் கிருத்திகை! திருத்தணி மலையடிவாரத்தில் மனிதக் கடல்! காவடி சுமந்தோர், மொட்டையடித்தோர், மஞ்சளாடை உடுத்தோர், எல்லைக்கு அப்பாலிருந்து ஆந்திரத்துச் சிற்றூர்களைக் காலிசெய்துகொண்டு வந்திறங்கியோர்! படிகள் 365. ஆண்டின் நாள்களுக்கு ஈடாம் அந்த எண்ணிக்கை! படிதோறும் ஒரு பாதம், பாதந்தோறும் ஒரு வேண்டுதல். மகனுக்கு வேலை வேண்டும், மகளுக்கு மணமகன் வேண்டும், வாங்கிய கடன் தீரவேண்டும். கேட்கும் வாய் ஆயிரம். கேட்கப்படும் செவியோ கல்!

இக்காட்சியைப் படமாக்கினான் தம்பி ஒருவன். நம்மிடம் பள்ளியிலே பயின்றவன். விசைத்தறியின் ஓசையிலே பிறந்து வளர்ந்தவன். இன்று கல்லூரி ஒன்றில் டிஜிட்டல் ஊடகத் தயாரிப்பு படிக்கிறான். மூன்று நிமிட ஆவணப் படம் ஒன்று எடுத்துத் தரவேண்டும் என்பது பாடத்தின் செய்முறைப் பணி. தோழர் இருவருடன் சென்று எடுத்தான். இரவு பகலாய் உட்கார்ந்து தொகுத்தான். ஒரு ஞாயிறு காலை, மடிக்கணினியை மார்போடு அணைத்தபடி நம் வீட்டுத் திண்ணைக்கு வந்துவிட்டான்.

பார்த்தோம். எழுபது வயது மூதாட்டி ஒருத்தி படியேறுகிறாள், தள்ளாடுகிறாள், உட்கார்ந்துவிடுகிறாள், கன்னத்துச் சுருக்கங்களில் கண்ணீர் வழிகிறது. அடுத்த நொடி, ஓர் அர்ச்சகரின் முகம். சிரிக்கிறார், தோள் குலுங்கச் சிரிக்கிறார்! மீண்டும் மூதாட்டியின் கண்ணீர். பின்னணியிலே வயலின் விம்முகிறது. படம் முடிகிறது.

மூன்று துண்டுகள்தாம். ஆனால் நம் நெஞ்சு கொதித்தது! ஏழையின் கண்ணீரைக் கண்டு எக்காளமிடும் வைதீகத்தை இதைவிட எவர் காட்ட முடியும் என்று எண்ணினோம். கை தட்டினோம் என்பதையும் மறைப்பானேன்? தட்டிய பின்னர்தான் கேட்டோம்: "அவர் எதற்காகச் சிரித்தார், தம்பி?"

அவன் தலையைச் சொறிந்தான். "அது வேறு நேரம், ஐயா. அந்த அம்மாவை எடுத்தது காலை பத்தரை மணிக்கு. அவர் சிரித்தது பிற்பகலில். குழந்தை ஒன்று, தன் மொட்டைத் தலையைத் தானே தடவிப் பார்த்து விழித்தது. அதைக் கண்டு சிரித்தார்."

"அம்மா அழுதது எதற்கு?"

"தெரியவில்லை, ஐயா. ஏதோ சொன்னார்கள். ஒலியை எடுத்துவிட்டு இசையைச் சேர்த்தோம்." சற்று நேரம் பேசாதிருந்தவன், பிறகு நிமிர்ந்து கேட்டான்: "நம் கொள்கைக்காகத்தானே செய்தோம்? அவர்கள் காட்டாத பொய்யா?"

அந்தக் கேள்விக்குத் திண்ணையிலே நாம் சொன்ன விடை முழுமையானதாக இல்லை. அதனால்தான் எழுதுகிறோம்.

முதலில் ஒன்று சொல்லிவிட வேண்டும். தறிக்காரர் வீட்டுப் பிள்ளை ஒளிப்பதிவும் படத்தொகுப்பும் கல்லூரியில் பயில்கிறான் என்பது சிறிய செய்தியன்று. 1905இல் திருச்சியிலே இரயில்வே வரைவாளராய்ப் பணிபுரிந்த சாமிக்கண்ணு வின்சென்ட், பிரெஞ்சுக்காரர் ஒருவரிடமிருந்து படக்கருவியை விலைக்கு வாங்கி ஊர் ஊராகக் கொண்டுசென்றார். 'கீசகவதம்' எனும் ஊமைப் படத்தை எடுத்த நடராச முதலியார், கேமராப் பயிற்சிக்காகப் புனே வரை சென்று, ஆங்கிலேயர் ஒருவரிடம் கற்றுவந்தார். கையில் பணமிருந்தவர் கருவி வாங்கினார். அறிமுகம் இருந்தவர் வித்தை கற்றார். மற்றவர் கொட்டகைத் தரையிலே உட்கார்ந்து வாய்பிளந்து பார்த்தனர். சென்னையிலே 1945இல் அரசு திரைப்படத் தொழில்நுட்பப் பயிற்சியைத் தொடங்கிய பின்னரும், இடம் கிடைத்தோர் சிலரே. வேடன் மகனுக்கு வில்வித்தை எதற்கென்று கட்டைவிரலைக் கேட்ட நாடு அல்லவா இது! குலத்தொழிலையே குழந்தைகள் பாதி நாள் பழகட்டும் என்று 1953இல் திட்டம் தீட்டப்பட்டு, கொதித்தெழுந்த எதிர்ப்பினால் 1954இல் அது கைவிடப்பட்டதே, அந்தத் திட்டம் நிலைத்திருக்குமாயின் இந்தத் தம்பியின் கைக்கு நூல் வந்திருக்கும், மடிக்கணினி வந்திருக்காது.

இன்று? கைப்பேசியே கேமரா. 'டாவின்சி ரிசால்வ்' எனும் தொகுப்பு மென்பொருள் விலையின்றியும் கிடைக்கிறது. ஒலியைச் செம்மை செய்ய 'அடாசிட்டி' இருக்கிறது, அதுவும் காசின்றி. பட்டப்படிப்போடு தொழில்திறனையும் சேர்த்துக் கற்பிக்க, 2022 மார்ச் 1 அன்று தமிழக அரசு 'நான் முதல்வன்' திட்டத்தைத் தொடங்கியது. கட்டைவிரல் கேட்கப்படவில்லை, கட்டைவிரலாலேயே படம் எடுக்கிறார்கள்! இதில் நமக்குள்ள மகிழ்ச்சி பெரிது. பெரிதாயிருப்பதனால்தான் அந்த ஒட்டிய சிரிப்பு நம்மை உறுத்துகிறது.

தம்பியின் கணக்கைப் பாருங்கள். நொடிக்கு 24 படங்கள் வீதம், எடுத்தது இரண்டு மணி நேரம்: 1,72,800 படங்கள். தந்தது மூன்று நிமிடம்: 4,320 படங்கள். நாற்பதில் ஒன்றை வைத்துக்கொண்டு, முப்பத்தொன்பதை எறிந்துவிட்டான். எறிவதே பொய்யென்றால் எந்தப் படமும் மெய்யாகாது. எந்த வரலாறும் எழுத முடியாது. பள்ளியில் நாம் நடத்தும் பாடமும் அப்படித்தான். ஆகவே வெட்டியது குற்றமன்று. குற்றம் ஒட்டியதிலே இருக்கிறது.

ஒட்டுவதின் ஆற்றலை இரசிய நாட்டு லெவ் குலெசோவ் 1920 வாக்கிலேயே சோதித்தார். ஒரு நடிகரின் உணர்ச்சியற்ற முகம். அதே முகத்தை ஒருமுறை சூப்புக் கிண்ணத்தின் அருகிலும், ஒருமுறை சவப்பெட்டியின் அருகிலும் ஒட்டிக் காட்டினார். பார்த்தவர்கள் முதலாவதில் பசியையும், இரண்டாவதில் துயரத்தையும் கண்டு, நடிகரின் திறமையை மெச்சினார்களாம்! முகம் மாறவில்லை, பக்கத்துத் துண்டு மாறியது. திருத்தணியில் நம் தம்பி செய்ததும் அதுவே. அவன் பாடத்தில் இந்தச் சோதனையும் வருகிறது. இவ்வளவு எளிதில் மனிதரை நம்பவைக்கலாம் என்பது வரையில் பாடம். நம்பவைக்கலாமா என்பது பாடத்தில் இல்லை. மதிப்பெண் பட்டியலையும் காட்டினான்: ஒளிக்கு இவ்வளவு, ஒலிக்கு இவ்வளவு, வண்ணச் சீர்மைக்கு இவ்வளவு, குறித்த நாளில் தந்ததற்கு இவ்வளவு. 'இது நடந்ததா?' என்ற கேள்விக்கு அங்கே ஒரு மதிப்பெண்கூட இல்லை!

"கதை எழுதுவோர் பொய் சொல்லவில்லையா?" என்று கேட்கலாம். தம்பியும் கேட்டான். 1952இல் 'பராசக்தி' வெளிவந்தது. அதிலே ஒரு பூசாரி, அடைக்கலம் தேடிய பெண்ணிடம் அத்துமீற முனைகிறான். அவன் கதையின் பூசாரி. இன்ன ஊர், இன்ன தெரு, இன்னார் மகன் என்று படம் சொல்லவில்லை. கொட்டகைக்குள் நுழைந்த ஒவ்வொருவருக்கும் அது கதையென்று தெரியும். தெரிந்தே பார்த்தனர், தெரிந்தே சிந்தித்தனர். தம்பியின் படமோ, 'ஆவணம்' என்று பெயர் தாங்கி நிற்கிறது. 'இது நடந்தது, நான் கண்டேன்' என்று சாட்சி சொல்கிறது. அந்தச் சாட்சியிலே ஓர் உண்மை மனிதரின் முகம் இருக்கிறது. அவருக்கு வீடுண்டு, மனைவி மக்கள் உண்டு. மொட்டைத் தலையைத் தடவிய குழந்தையைக் கண்டு சிரித்த மனிதர், கண்ணீரைக் கண்டு களித்த கயவராக நாளை ஊரெங்கும் உலாவருவார்.

அர்ச்சனை செய்யும் உரிமை பிறப்பால் வருவதென்பதை நாம் எதிர்க்கிறோம். மறைவாக அல்ல, மேடையேறி எதிர்க்கிறோம். அனைத்துச் சாதியினரும் அர்ச்சகராகலாம் என்று 2006இல் அரசாணை பிறந்தது. பயிற்சிப் பள்ளிகள் நடந்தன. நீதிமன்றப் படிகள் பல ஏறி இறங்கி, 2021 ஆகத்தில் பயிற்சி பெற்றோர் பணி ஆணை பெற்றனர். எவருடைய சிரிப்பையும் ஒட்டி அந்த வெற்றி வரவில்லை.

நம் ஊரின் கதையே வேறெதைச் சொல்கிறது? திருத்தணி தமிழகத்தோடு இணைந்தது 1960 ஏப்ரல் 1 அன்று. ம.பொ.சி. நம் அணியில் நின்றவரல்லர். எனினும் எல்லைப் போரில் அவர் பட்ட பாட்டை நாம் மறுப்பதற்கில்லை. கிளர்ச்சி இருந்தது, சிறை இருந்தது. அவற்றோடு கணக்கும் இருந்தது. கிராமத்தை அலகாகக் கொண்டு, எம்மொழி பேசுவோர் எங்கே மிகுதி என்று எண்ணிப் பார்த்துத்தான் பட்டாஸ்கர் எல்லையை வகுத்தார்.

"நல்ல நோக்கத்துக்குச் சிறு பொய்" என்பாரும் உண்டு. 2023 மார்ச்சை அவர்கள் நினைத்துப் பார்க்கட்டும். தமிழ்நாட்டிலே வடமாநிலத் தொழிலாளர் தாக்கப்படுகிறார்கள் என்று காணொளிகள் பரவின. எங்கோ, எதற்கோ, எவரெவருக்கோ இடையே நடந்த அடிதடிகளுக்குப் புதிய பெயர் சூட்டி அனுப்பினார்கள். தொழிலாளர் அஞ்சினர், தொழிற்கூடங்கள் கலங்கின, பீகாரிலிருந்து அதிகாரிகள் குழு வந்து பார்த்துச் சென்றது, பொய்யென்று காவல்துறை விளக்கவேண்டியதாயிற்று. அந்த வேலையைச் செய்தவர்களுக்கும் தம் நோக்கம் நல்லதாகவே தோன்றியிருக்கும்! அவர்கள் கையில் இருந்ததும் தம்பியின் கையில் இருப்பதும் ஒரே கத்தரிதான்.

ஆனால் நம்மை மிகவும் வருத்துவது இது: அந்தப் படத்தைப் பார்த்தபோது நாம் சிந்திக்கவில்லை, கொதித்தோம். தாம் சொல்வதைக்கூட ஆராயாமல் ஏற்காதீர்கள் என்று மேடைதோறும் வேண்டியவர் பெரியார். ஆராய்வதற்குப் பொருள் வேண்டாமா? காலை பத்தரை என்ற நேரக்குறியும், குழந்தையின் மொட்டைத் தலையும், மூதாட்டியின் சொல்லும் பறிக்கப்பட்ட பின்னர், பார்ப்பவரின் பகுத்தறிவு எதைக்கொண்டு வேலை செய்யும்? ஒட்டிய சிரிப்பைக் கண்டு நம் பக்கம் வருபவன், நாளை ஒட்டிய கண்ணீரைக் கண்டு அந்தப் பக்கம் போவான். அவனை நாம் வென்றதாக எப்படிச் சொல்வது?

தம்பிக்கு நாம் சொன்னது ஒன்றே: "அந்த அர்ச்சகரைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு, டைம்லைன் முழுவதையும் காட்டி, இப்படித்தான் தொகுத்தேன் என்று உன்னால் சொல்ல முடியுமா?" விடை சொல்லாமல் மடிக்கணினியை மூடிக்கொண்டு போனான். முகம் வாடியிருந்தது. நமக்கும் அன்று சோறு இறங்கவில்லை. இரவு பகலாய் உழைத்த பிள்ளை!

அடுத்த ஞாயிறு திரும்ப வந்தான். வயலினை நீக்கிவிட்டு மூதாட்டியின் குரலை மீட்டிருந்தான். அவள் தெலுங்கிலே பேசுகிறாள். காலை நீட்டிக் காட்டி, கல் சுடுகிறது என்கிறாள்; மஞ்சி நீள்ளு, மஞ்சி நீள்ளு என்று தண்ணீர் கேட்கிறாள். காவடிக் கூட்டத்திலிருந்து ஒரு சிறுமி விலகி வந்து, தன் பாட்டிலை நீட்டுகிறாள். கிழவி குடித்துவிட்டு, முந்தானையால் பாதத்தைத் துடைத்து, எழுந்து, மேலேறுகிறாள். எதற்காக ஏறுகிறாள் என்று படம் சொல்லவில்லை. பார்த்த நமக்குக் கேட்கத் தோன்றிற்று. அர்ச்சகரும் இருக்கிறார், மொட்டைக் குழந்தையோடு, தம் பிற்பகலில்.

"பத்து நொடி கூடிவிட்டது, ஐயா. மூன்று நிமிடத்துக்கு மேல் போனால் மதிப்பெண் குறைப்பார்கள்" என்றான்.

எதை எடுக்கலாமென்று அவனும் நாமுமாக மீண்டும் முதலிலிருந்து பார்க்கத் தொடங்கினோம்.