சி ப்ளஸ் வந்தால் என்ன?

அழுது முடித்துவிட்டாயா? சரி. முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து உட்கார். ஒரு கணக்குப் போட வேண்டியிருக்கிறது.

ஆர்கானிக் கெமிஸ்ட்ரியில் சி ப்ளஸ். கைப்பேசியில் அதைப் பார்த்த நொடியிலேயே ‘இனி நான் டாக்டர் ஆக முடியாது’ என்று தீர்ப்பு எழுதிவிட்டாய். அமெரிக்காவில் எந்த மருத்துவக் கல்லூரியும் உன்னை இன்னும் நிராகரிக்கவில்லை. நீ விண்ணப்பமே போடவில்லையே! அவர்கள் செய்ய வேண்டிய வேலையை நீ ஏன் இழுத்துப்போட்டுச் செய்கிறாய்?

கணக்குக்கு வா. நான்கு வருடப் பட்டப்படிப்பு சுமார் 120 க்ரெடிட். நீ கோட்டைவிட்டது 4 க்ரெடிட் பாடம். ஏ கிரேடுக்கு 4.0, சி ப்ளஸுக்கு 2.3. மற்றதையெல்லாம் ஒழுங்காக முடித்தால், இந்த ஒரு பாடத்தால் உன் மொத்த ஜி.பி.ஏ.வில் குறையப் போவது 0.06-க்கும் கீழே. இதற்கா இரவெல்லாம் தூங்காமல் கிடந்தாய்? அறிவியல், கணிதப் பாடங்களுக்கென்று தனியாக ஒரு ஜி.பி.ஏ. எடுப்பார்கள், அதில் இன்னும் கொஞ்சம் கூடுதலாக இறங்கும். பொய் சொல்ல மாட்டேன். அதே பாடத்தை மறுபடி படித்துத் தேறினாலும் பழைய கிரேடு அழியாது, மருத்துவக் கல்லூரிகளுக்கான பொது விண்ணப்பமான ஆம்காஸில் இரண்டையும் சேர்த்தே கணக்கிடுவார்கள். அழிக்க முடியாததை அழிக்கப் பார்க்காதே. அடுத்து வருகிற பயோகெமிஸ்ட்ரியில் ஏ வாங்கு. விழுந்த பிறகு அடுத்த செமஸ்டரில் இவன் என்ன செய்தான், இவள் என்ன செய்தாள் என்றுதான் விவரம் தெரிந்தவர்கள் பார்ப்பார்கள்.

ஆண்டுக்குச் சுமார் 52,000 பேர் இந்தக் கல்லூரிகளுக்கு விண்ணப்பிக்கிறார்கள். ஏறக்குறைய 23,000 பேருக்கு இடம் கிடைக்கிறது. சேர்ந்தவர்களின் சராசரி ஜி.பி.ஏ. 3.8-ஐ ஒட்டி இருக்கும். எம்கேட் நுழைவுத் தேர்வில் 528-க்குச் சராசரி 511, 512. பயப்படு, தப்பில்லை. ஆனால் அரை மணி நேரத்துக்கு மேல் பயப்படாதே. சராசரி என்றால், அதற்குக் கீழே எடுத்தவர்களும் உள்ளே போயிருக்கிறார்கள் என்று அர்த்தம்.

எம்கேட் ஏழரை மணி நேரம் உட்காரவைக்கிற தேர்வு. 230 கேள்விகள், நான்கு பகுதிகள். அதில் ஒன்று வெறும் வாசிப்பு: வரலாறு, தத்துவம், கலை என்று எங்கிருந்தோ ஒரு பத்தியைக் கொடுத்து, எழுதியவர் என்ன சொல்ல வருகிறார் என்று கேட்பார்கள். சூத்திரம் கிடையாது, மனப்பாடம் செல்லாது. அறிவியலில் புலியாக இருக்கிற பிள்ளைகள் பூனையாகிற இடம் இதுதான். மூன்று மாதக் கோச்சிங்கில் வாசிப்புப் பழக்கம் வந்துவிடாது. முதல் வருடத்திலிருந்தே தினம் இருபது பக்கம் படி, உனக்குப் பிடிக்காததையும் சேர்த்துப் படி.

இன்னொன்று. வாத்தியாரிடம் போய்ச் சந்தேகம் கேட்டால் மக்கு என்று நினைத்துவிடுவாரோ என்று கடைசி வரிசையில் ஒடுங்கிக்கொள்கிறாய். அது மரியாதை இல்லை, பயம். அந்த சி ப்ளஸ் பேராசிரியரின் ஆஃபீஸ் ஹவர்ஸுக்குப் போ. ‘எனக்கு எங்கே புரியவில்லை’ என்று கேள். நாளை உனக்குப் பரிந்துரைக் கடிதம் எழுதப்போகிறவர் உன் முகத்தை இப்போதே பார்த்திருக்க வேண்டாமா? முந்நூறு பேர் வகுப்பில் ஏ வாங்கிய ஊமையைவிட, தடுமாறி எழுந்து நின்ற பிள்ளையைப் பற்றி எழுத அவரிடம் நிறைய இருக்கும்.

மார்க்கை இதோடு விடுவோம். முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன்.

1890-இல் ஓர் இளம்பெண் அமெரிக்காவிலிருந்து திண்டிவனத்துக்கு வந்தாள். உடம்பு சரியில்லாத அம்மாவைப் பார்த்துக்கொள்ளத்தான் வந்தாள். திரும்பிப் போய்விடுவதாகத் திட்டம். அங்கே ஊழியம் செய்யும் எண்ணமே அவளுக்கு இல்லை. ஒரே இரவில் மூன்று ஆண்கள் ஒருவர்பின் ஒருவராக வந்து கதவைத் தட்டினார்கள். மூவர் வீட்டிலும் மனைவி பிரசவ வலியில் துடித்துக்கொண்டிருந்தாள். ‘எனக்கு ஒன்றும் தெரியாது, என் அப்பாதான் டாக்டர், அவரை அழைத்துப் போங்கள்’ என்றாள். ஆண் வந்து பார்ப்பதா என்று மறுத்துவிட்டுப் போனார்கள். விடிவதற்குள் மூன்று பெண்களும் இறந்துபோனார்கள். அந்த இளம்பெண்தான் ஐடா ஸ்கடர். 1895-இல் பிலடெல்பியாவில் பெண்களுக்கான மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். நியூயார்க்கில் கார்னெல் மருத்துவக் கல்லூரி பெண்களுக்கும் இடம் தந்தபோது அங்கே மாறி, 1899-இல் பட்டம் பெற்றார். வேலூரில் 1918-இல் பெண்களுக்காக அவர் தொடங்கிய மருத்துவப் பள்ளிதான் இன்றைய சி.எம்.சி. மருத்துவக் கல்லூரி.

‘ஏன் டாக்டராக வேண்டும்?’ என்ற கேள்விக்கு அவரிடம் பதில் இருந்தது. உன்னிடம் இருக்கிறதா? இடைவெளிகளையும் சேர்த்து 5,300 எழுத்துகளுக்குள் அதை எழுதச் சொல்கிறது ஆம்காஸ். ‘சிறு வயதிலிருந்தே அறிவியலில் ஆர்வம், மக்களுக்குச் சேவை செய்ய ஆசை’ என்று தொடங்கினால் அந்தக் காகிதம் செத்தது. அதை உன் பக்கத்து வீட்டுப் பையனும் எழுதுவான்.

உன் வீட்டுக் கதவை அப்படி யாரும் வந்து தட்டப் போவதில்லை. ஆகவே நீ போய்த் தட்டு. ஹாஸ்பிஸில் தொண்டராகச் சேர்ந்து, சாகக் காத்திருக்கிற கிழவரின் பக்கத்தில் உட்கார். அவசர சிகிச்சைப் பிரிவில் டாக்டருக்குக் குறிப்பெடுக்கிற ஸ்கிரைப் வேலை பார். அவசர மருத்துவ உதவியாளருக்கான இ.எம்.டி. பயிற்சி எடுத்து ஆம்புலன்ஸில் ஏறு. காப்பீடு இல்லாதவர்களுக்கான இலவச மருத்துவமனையில் வரிசையை ஒழுங்குபடுத்து. நாற்றமும் அலறலும் காத்திருப்பும் பழகட்டும். பழகாவிட்டால், அதையும் இப்போதே தெரிந்துகொள்வது உனக்கு நல்லது. மாறாக, ஐந்து கிளப்புகளுக்குத் தலைவர், ஆறு சங்கங்களுக்குச் செயலாளர் என்று பட்டியல் நீட்டுகிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கல்யாண மண்டப வாசலில் வைக்கிற ஃபிளெக்ஸ் பேனர்தான் ஞாபகம் வருகிறது.

விண்ணப்பத்தில் 15 செயல்பாடுகளைக் குறிப்பிடலாம். ஒவ்வொன்றுக்கும் 700 எழுத்துகள்; மிக முக்கியமான மூன்றுக்கு மேலும் 1,325. மூன்றாம் வருட முடிவில் உட்கார்ந்து யோசித்தால், அந்தக் கிழவர் உன் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னது ஞாபகத்துக்கு வராது. அன்றன்று ராத்திரி ஒரு நோட்டில் நான்கு வரி எழுதிவை. பெயர் வேண்டாம், ஊர் வேண்டாம். என்ன பார்த்தாய், உனக்குள் என்ன நடந்தது, அவ்வளவு போதும்.

விண்ணப்பம் மே மாதத் தொடக்கத்தில் திறக்கும். ஜூன் தொடக்கத்திலேயே அனுப்பிவிடு. பல கல்லூரிகளில் வரவர இடம் நிரம்பிக்கொண்டே போகும். தயாராகவில்லையா? அந்த வருடம் போடாதே. ‘என்னம்மா, இன்னும் சேரலையா?’ என்று பொங்கல் விழாவில் யாராவது மாமி கேட்பார். கேட்கட்டும். இன்று அமெரிக்காவில் மருத்துவம் சேருகிறவர்களில் பாதிக்கும் மேற்பட்டவர்கள் பட்டப்படிப்புக்குப் பிறகு ஒரு வருடமாவது வெளியே இருந்து வந்தவர்கள். ஐடா மருத்துவக் கல்லூரிக்குள் காலெடுத்து வைத்தபோது வயது 24. திண்டிவனத்துக்கு வந்து ஐந்து வருடம் போல ஆகியிருந்தது. அவரைத் தாமதமாக வந்தவர் என்று வேலூரில் யாரும் சொல்வதில்லை.

உனக்கு வயது பத்தொன்பது. சனிக்கிழமை காலை எட்டு மணிக்கு உன் ஊர் இலவச மருத்துவமனை வாசலில் போய் நில். நோட்டை மறக்காமல் எடுத்துக்கொள். கிளம்பு!