எதை முதலில் கையில் கொடுப்பது?

"வரலாறு, சண்டை, மதம் இதப் பத்தியெல்லாம் படிக்கணும்ணே, என்ன புத்தகம் இருக்கு?" என்று கேட்டு வருகிற சேரிப் பிள்ளைகளிடம் எதை நீட்டுவது? நூலகர் பார்த்துக்கொள்ளட்டும் என்று விட முடியாது. எங்கள் சீமையில் இது அறம் சார்ந்த கேள்வி.

நான் முதலில் கொடுப்பது ஹட்டன் எழுதிய 'இந்தியாவில் சாதி'. 1931 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் ஆணையர் அவர். வெள்ளைக்காரர், நமக்கு மாமனுமில்லை மச்சானுமில்லை. 1930 டிசம்பரில் ராமநாதபுரம் ஜில்லாவில் ஆதிதிராவிடர்கள் மேல் கள்ளர்கள் விதித்த எட்டுத் தடைகளை அதில் வரிசையாகப் பதிந்து வைத்திருக்கிறார். தங்கம் வெள்ளி கூடாது. முழங்காலுக்குக் கீழே வேட்டி கூடாது. சட்டை, பனியன் கூடாது. கிராப்பு கூடாது. மண்சட்டி தவிர வேறு பாத்திரம் கூடாது. பெண்கள் ரவிக்கை போடவோ பூ வைக்கவோ கூடாது. குடை, செருப்பு கூடாது. மீறியவர்களின் குடிசைகள் எரிந்தன, ஆடுமாடு கொள்ளை போனது. 1931 ஜூனில் எட்டு பதினொன்றானது. அதில் ஒன்று, பிள்ளைகள் எழுதப் படிக்கக் கூடாது. மிராசுதார் மாட்டைத்தான் மேய்க்க வேண்டும். எங்கள் ஆத்தங்குடி அப்போது அந்த ஜில்லாவுக்குள்தான் இருந்தது. பக்கத்துக் கோட்டையூரில் ரோஜா முத்தையா வாழ்நாளெல்லாம் சேர்த்த தமிழ்ப் புத்தகங்கள்தான் 1994இல் சென்னையில் ஆராய்ச்சி நூலகமாயின. புத்தகத்துக்குப் பஞ்சமான சீமையில்லை இது.

ஒரு தோழருக்குக் கோபம். "சின்னப் பயலுக்கு இந்தப் பட்டியலையா குடுப்பீங்க? கூனிக் குறுகிப் போயிருவான். கோரேகானைக் குடுங்க தோழர்."

அவர் சொல்வதில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனால் பட்டியலை இன்னொரு தரம் படித்துப் பாருங்கள். யாரும் பிடிக்காத குடைக்கு எவனாவது தடை போடுவானா? நம்ம பாட்டன் குடை பிடித்திருக்கிறான், பாட்டி ரவிக்கை போட்டிருக்கிறாள், பிள்ளை பள்ளிக்கூடம் போயிருக்கிறது. அதைப் பொறுக்காமல் வந்த உத்தரவு அது. அடித்தவன் விதித்த தடைக்குள்ளேயே நம் கலகத்துக்குச் சாட்சி இருக்கிறது. வெட்கப்பட வேண்டியவர்கள் விதித்தவர்கள்.

கோரேகானையும் கொடுக்கத்தான் வேண்டும். 1818 ஜனவரி 1 அன்று பேஷ்வா படையை எதிர்த்து நின்ற கம்பெனிப் பட்டாளத்தில் மகர் சிப்பாய்கள் இருந்தார்கள். மாண்டவர்களின் பெயர் தூணில் இருக்கிறது. 1927 ஜனவரி 1 அன்று அம்பேத்கர் அங்கே போய் நின்றார். அதோடு புத்தகத்தை மூடிவிடக் கூடாது. 1890களில் அதே வெள்ளைக்காரப் பட்டாளம் மகர்களுக்குக் கதவைச் சாத்தியது. வீரம் நம்முடையது, துப்பாக்கி அவனுடையது. பெருமையை மட்டும் கொடுத்தால் இந்தக் கணக்கு பையனுக்குத் தெரியாமலே போகும்.

மதம் பற்றிக் கேட்டால் அம்பேத்கரின் 'புத்தரும் அவர் தம்மமும்'. அவர் மறைவுக்குப் பின் 1957இல் வந்தது. கிழவனையும் நோயாளியையும் பிணத்தையும் பார்த்து சித்தார்த்தன் வீட்டை விட்டுப் போனான் என்ற கதையை அம்பேத்கர் ஏற்கவில்லை. அவர் சொல்வது தண்ணீர்த் தகராறு. ரோகிணி ஆற்றுத் தண்ணீருக்காகக் கோலியர் மேல் போர் தொடுக்க சாக்கியர் சபை தீர்மானிக்கிறது; சித்தார்த்தன் எதிர்க்கிறான், தோற்கிறான், நாட்டை விட்டு வெளியேறச் சம்மதிக்கிறான். வெளியேறியது சரியா, உள்ளே நின்று சண்டை போட்டிருக்க வேண்டுமா? படிப்பு வட்டத்தில் ராத்திரி வெகு நேரம் இதையே பேசியிருக்கிறோம், முடிந்தபாடில்லை. ஊருணித் தண்ணிக்கு அடிபட்ட குடும்பத்துப் பிள்ளைக்கு அந்த இடத்தை யாரும் விளக்கத் தேவையில்லை. பெரியார்தாசன் தமிழாக்கம் இருக்கிறது. தடிமனைப் பார்த்துப் பயந்து வைத்துவிடாதீர்கள். ரோகிணி முதல் காண்டத்திலேயே வந்துவிடும்.