பயப்படுவது பாவமா?



சில வாரங்களுக்கு முன் இரண்டாம் பூசை முடிந்து கோயில் வாசலில் நின்றுகொண்டிருந்தேன். ஆஸ்பத்திரி ஒன்றில் நர்ஸாக வேலை பார்க்கும் மகள் ஒருத்தி, கூட்டம் கலையும்வரை காத்திருந்து என்னிடம் வந்து, "சாமி, பயப்படுறது பாவமா?" என்று கேட்டாள். எதற்குப் பயம் என்றேன். சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுச் சொன்னாள். பாவசங்கீர்த்தனத்தில் கேட்ட விஷயமன்று இது. அவளிடம் அனுமதி கேட்டு, அவள் "எழுதுங்க சாமி" என்ற பிறகே எழுதுகிறேன். எந்த ஆஸ்பத்திரி, யார் அந்த நர்ஸ் என்று நீங்கள் ஆராய வேண்டாம். கம்பத்தில் காலையில் நடந்தது மாலைக்குள் கூடலூர் டீக்கடைக்கு வந்துவிடும் என்பதை நான் அறியாதவனல்ல.

நடந்தது இதுதான். பிரசவ வார்டில் எச்.ஐ.வி. உள்ள தாய் ஒருவர் சேர்க்கப்பட்டார். கேஸ் ஷீட்டின் மேல் யாரோ சிவப்பு மையால் பெரிதாக எழுதி வைத்திருந்தார்கள். எழுதியது நம் மகள் அல்ல. ஆனால் அதை மறைக்கவும் அவள் முயலவில்லை. கட்டிலை வார்டின் கடைசியில், கக்கூஸ் ஓரமாகப் போட்டார்கள். ஆயா சாப்பாட்டுத் தட்டைத் தரையில் வைத்துக் காலால் தள்ளினாள். "நான் திட்டலை சாமி. மருந்து நேரத்துக்குக் கொடுத்தேன். ஆனா தொடலை. ரத்த அழுத்தம் பார்க்கிறதுக்குக்கூட ரெண்டு ஜோடி கையுறை போட்டுக்கிட்டேன்." வீட்டுக்குப் போகும் நாளில் அந்தத் தாய் இவளைப் பார்த்துக் கைகூப்பி, "உங்களுக்கெல்லாம் ரொம்பச் சிரமம் கொடுத்திட்டேன்மா" என்றாராம். அன்றிலிருந்து இவளுக்குச் சரியான தூக்கம் இல்லை.

கேள்விக்கு நேரான பதிலை முதலில் சொல்லிவிடுகிறேன். பயம் பாவமன்று. அது நம்மைக் கேட்டுக்கொண்டு வருவதில்லை. ஜெத்சமனித் தோட்டத்தில் நம் ஆண்டவரே கலங்கி நடுங்கினார். ஆனால் பயத்தால் செய்யும் செயல் வேறு விஷயம். குருமடத்தில் ஒழுக்க சாஸ்திரம் படிக்கும்போது, மனிதச் செயலின் பொறுப்பைக் குறைக்கக்கூடியவை நான்கு என்று எங்களுக்குச் சொல்லித் தந்தார்கள்: அறியாமை, ஆசாபாசம், பயம், பலவந்தம். பயத்துக்கு உதாரணமாகக் கப்பல் மாலுமியைக் காட்டுவார்கள். அது அரிஸ்டாட்டில் காலத்து உதாரணம். புயலில் அகப்பட்ட மாலுமி சரக்கைக் கடலில் எறிகிறான். எறிய ஆசைப்பட்டு எறியவில்லை. ஆயினும் எறிந்தது அவன் கைதான். பயம் குற்றத்தைக் குறைக்கும், இல்லாமற் செய்துவிடாது. அந்த மாலுமி எறிந்தது மிளகு மூட்டை. வார்டில் கடைசிக் கட்டிலுக்குத் தள்ளப்பட்டது ஒரு தாய்.

இனி அறியாமைக்கு வருவோம். இதிலும் இரண்டு வகை உண்டு. முயன்றாலும் நீக்க முடியாத அறியாமை ஒன்று. முயன்றால் நீக்கிக்கொள்ளக்கூடியது மற்றொன்று. முதலாவதுக்குக் குற்றமில்லை. இரண்டாவதுக்கு உண்டு.

1986-ம் ஆண்டில் நம் நாட்டில் முதன்முதலாக எச்.ஐ.வி. கண்டுபிடிக்கப்பட்டது சென்னையில்தான். சென்னை மருத்துவக் கல்லூரியில் டாக்டர் சுநீதி சாலமனின் வழிகாட்டலில், டாக்டர் நிர்மலா என்ற இளம் பெண் பாலியல் தொழிலில் இருந்த பெண்களின் இரத்தத்தைச் சேகரித்து, வேலூருக்குக் கொண்டு சென்று சோதித்தார். அந்நாளில் இந்த நோய்க்கு மருந்து கிடையாது. அப்போது ஒரு வார்டுபாய் பயந்து ஓடினான் என்றால் அவனை நான் கடிந்துகொள்ள மாட்டேன். டாக்டர் சுநீதி ஓடவில்லை. 1993-ல் இவ்வியாதியஸ்தருக்கென்றே சென்னையில் ஒரு நிலையத்தைத் தொடங்கி, 2015-ல் தாம் இறக்கும்வரை அவர்களைத் தொட்டு வைத்தியம் பார்த்தார். தாம்பரம் நெஞ்சக நோய் ஆஸ்பத்திரியும், மற்ற இடங்கள் கதவடைத்த அந்த வருடங்களில், இவர்களைச் சேர்த்துக்கொண்டது.

ஆனால் அந்தக் காலம் போய்விட்டது. 2004-ம் ஆண்டு ஏப்ரல் முதல் அரசாங்கம் கூட்டு மருந்தை இலவசமாகக் கொடுக்கிறது. உடலுறவினாலும், இரத்தத்தினாலும், தாயிடமிருந்து பிள்ளைக்கும் இந்தக் கிருமி பரவும். தொடுவதாலும், ஒரே தட்டில் சாப்பிடுவதாலும், கொசுக்கடியாலும் பரவாது என்பதைப் பள்ளிப் பிள்ளைகளும் அறிவார்கள். தாய் மருந்து எடுக்காவிட்டால் நூற்றுக்கு 15 முதல் 45 பிள்ளைகள் வரை நோய்க்கு உள்ளாகும். முறைப்படி எடுத்தால் 5-க்கும் கீழே வந்துவிடும். சென்னையும் பங்குபெற்ற ஓர் உலக ஆராய்ச்சி, மருந்தை முன்னதாகவே தொடங்கினால் துணைவருக்குப் பரவுவது நூற்றுக்கு 96 பங்கு குறைகிறது என்று 2011-ல் காட்டியது. இரத்தத்தில் கிருமி கண்டறிய முடியாத அளவுக்கு அடங்கிவிட்டவரிடமிருந்து உடலுறவின் மூலமாகவும் பரவுவதில்லை என்று இப்போது உறுதிப்பட்டிருக்கிறது. கர்ப்பிணிகளை நம்பிக்கை மையத்துக்கு அனுப்பிவைக்கும் அதே ஆஸ்பத்திரியில் வேலை பார்த்துக்கொண்டு, "எனக்குத் தெரியாது" என்று ஒரு நர்ஸோ டாக்டரோ இன்று சொல்வாரானால், அந்தத் தெரியாமைக்கு அவர் கணக்குக் கொடுக்க வேண்டியவரே.

இங்கே ஓர் ஆட்சேபம் எழும். நம் மகளும் அதைக் கேட்டாள். "ஊசி கையில குத்திருச்சுன்னா சாமி? என் பிள்ளைகளை யார் பார்ப்பா?" நியாயமான கேள்வி. இதைக் கேட்பவரை அன்பில்லாதவர் என்று ஏசுவது எளிது. நாளெல்லாம் கையில் ஊசி பிடிப்பவர் நாமல்ல. பதில் இதோ. எச்.ஐ.வி. உள்ளவருக்குக் குத்திய ஊசி தவறித் தாதியைக் குத்தினால், அப்படிப்பட்ட ஆயிரம் குத்தல்களில் ஏறக்குறைய மூன்றில் நோய் தொற்றும். 72 மணி நேரத்துக்குள் தடுப்பு மருந்தைத் தொடங்கி 28 நாள் உட்கொண்டால் அதுவும் வெகுவாய்க் குறையும். ஹெபடைடிஸ் பி என்னும் மஞ்சட்காமாலைக் கிருமியோ, தடுப்பூசி போடாதவரை நூற்றுக்கு 30 வரைகூடத் தொற்றக்கூடும். அந்தக் காமாலைக்காரரின் கட்டிலை யாராவது கக்கூஸ் ஓரத்தில் தள்ளிப்போட்டுப் பார்த்திருக்கிறீர்களா? நான் பார்த்ததில்லை. ஆகவே நாம் பயப்படுவது கிருமிக்கு மாத்திரம் அல்ல, வேறு எதற்கோ.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஒருவரை மாத்திரம் சிவப்பு மையால் அடையாளம் இடுவது தாதிக்கே ஆபத்து. கிருமி புகுந்த முதல் சில வாரங்களில் பரிசோதனையில் அது தெரியாமற் போகலாம். பரிசோதனையே செய்யாதவர்களும் பலர். எல்லார் இரத்தத்தையும் ஒரே எச்சரிக்கையோடு கையாள வேண்டும் என்று 1987 முதலே வைத்திய உலகம் விதித்திருப்பது இதனால்தான். இரத்தம் படும் வேலைக்கு எல்லாருக்கும் ஒரு ஜோடி கையுறை. ரத்த அழுத்தம் பார்க்க யாருக்கும் வேண்டாம்.

கையுறையே கொடுக்காத ஆஸ்பத்திரிகளும் உண்டு என்பதை நான் மறக்கவில்லை. அங்கே தாதியின் பயத்துக்குப் பாதிப் பொறுப்பு நிர்வாகத்தைச் சேரும். 2017-ல் இயற்றி 2018 செப்டம்பரில் அமலுக்கு வந்த எச்.ஐ.வி. சட்டம், வியாதியஸ்தரை ஒதுக்கக் கூடாது, அவர் சம்மதமின்றிச் சோதிக்கவோ வெளியிடவோ கூடாது என்பதோடு நிற்கவில்லை. ஊழியருக்குப் பாதுகாப்புச் சாதனமும், பயிற்சியும், தடுப்பு மருந்தும் கொடுக்க வேண்டும் என்றும் கட்டளையிடுகிறது. இதைக் கேட்டு வாங்குவது ஊழியரின் உரிமை. மொலோக்காய்த் தீவில் தொழுநோயாளரோடு வாழ்ந்து 1889-ல் அதே நோயால் மரித்த அர்ச். தமியானைப்போல் ஆகும்படி யாரும் தாதியரைக் கேட்கவில்லை. அது வீரப் புண்ணியம். மருந்தும் கையுறையும் உள்ள இக்காலத்தில் ஒரு நோயாளியின் கையைப் பிடிப்பதோ வெறும் நீதி. அவருக்குச் சேர வேண்டிய கடன்.

சரி, கிருமிக்கு அல்ல என்றால், எதற்குப் பயப்படுகிறோம்? "இது எப்படி வந்தது?" என்ற கேள்விதான் உள்ளே இருக்கிறது. லாரிக்காரர் என்றால் ஒரு முகம். அவர் மனைவி என்றால் வேறு முகம். பிள்ளை என்றால் கண்ணீர். இரக்கத்தைக் குற்றமுள்ளவர், குற்றமற்றவர் என்று எடைபோட்டு அளந்து ஊற்றுகிறோம். நம் பள்ளத்தாக்கில் எத்தனை வீடுகளில் ஒருவர் வாழைத்தாரோ திராட்சையோ ஏற்றிய லாரியில் வாரக்கணக்கில் ஊர் சுற்றுகிறார்! அவர் வாழ்க்கையை அளக்க நமக்குப் படி எங்கே இருக்கிறது?

நம் வருஷநாட்டு மலைக்கு அந்தப்புறம், விருதுநகர் மாவட்டத்தில், 2018 டிசம்பரில் நடந்ததை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். சாத்தூர் அரசு ஆஸ்பத்திரியில் ஒரு கர்ப்பிணித் தாய்க்கு ஏற்றப்பட்ட இரத்தத்தில் எச்.ஐ.வி. இருந்தது. இரத்தம் கொடுத்த வாலிபர் தமக்கு நோய் உண்டென்று பின்னர் வேறொரு பரிசோதனையில் அறிந்ததும், தாமாகவே போய் அறிவித்தார். அதற்குள் இரத்தம் ஏற்றியாகிவிட்டது. அம்மாத இறுதியில் அந்த வாலிபர் விஷம் அருந்தி மாண்டார். நாடெங்கும் அந்தத் தாய்க்காகக் குமுறினார்கள், குமுற வேண்டியதுதான். உண்மையைச் சொல்ல ஓடிவந்த அந்தப் பையனுக்காக எத்தனை பேர் குமுறினோம்? ஒரே இரத்தம், இரண்டு தராசு. பிறவிக் குருடனைக் கண்டபோது சீடர்கள் கேட்டதும் இதுதான்: யார் செய்த பாவம், இவனுடையதா, பெற்றோருடையதா? ஆண்டவர் அந்தக் கேள்வியையே தள்ளிவிட்டு, மண்ணைக் குழைத்து அவன் கண்ணில் பூசினார்.

பாவங்களைக் கேட்க அதிகாரம் பெற்றவன் குரு. அவனும் கேட்டதை வெளியே சொன்னால் திருச்சபையின் மிகக் கடுமையான தண்டனைக்கு ஆளாவான். பாவத்தைக் கேட்க அதிகாரமே பெறாத வார்டு, சிவப்பு மையால் எழுதி ஊருக்கே காட்டுகிறது. இதனால் என்ன நேரிடுகிறது? தேனியிலேயே மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி இருக்க, தெரிந்தவர் கண்ணில் படாமலிருக்க நூறு கிலோமீட்டருக்கு மேல் பஸ் ஏறி மதுரைக்குப் போகிறார் ஒருவர். கூலியும் போய், பஸ் கட்டணமும் போய், இரண்டு மாதத்தில் மருந்தையே விட்டுவிடுகிறார். மருந்தை விட்டவரை எது கொன்றது என்று மரணச் சீட்டில் எழுதுவார்கள்? "கிருமி" என்றுதான் எழுதுவார்கள்.

இவ்வளவும் எழுதிவிட்டு என்னைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் நான் மாய்மாலக்காரன். 2010-ல் வேறொரு பங்கில் சின்னச் சாமியாக இருந்தேன். நோய் முற்றிய ஒரு டிரைவருக்கு நோயில்பூசுதல் கொடுக்க அழைத்தார்கள். பெரியவர்கள் அதை இன்னும் அவஸ்தைபூசுதல் என்பார்கள். குரு தம் சொந்தக் கையால் பூச வேண்டும். கனமான காரணம் இருந்தால் மாத்திரம் வேறு கருவியை உபயோகிக்கலாம் என்பது திருச்சபைச் சட்டம். அவருக்கு என்ன நோய் என்று தெருமுனையிலேயே ஒருவர் என் காதில் சொல்லிவிட்டார். நான் பஞ்சில் எண்ணெயைத் தொட்டுப் பூசினேன். நெற்றியில் புண் இல்லை. கையில் புண் இல்லை. கனமான காரணம் ஒன்றுமில்லை. எப்படிப் பரவும், எப்படிப் பரவாது என்பதும் எனக்கு நன்றாகத் தெரியும். அவர் கண்ணைத் திறந்து பஞ்சைப் பார்த்தார், மூடிக்கொண்டார். வாசலில் அவர் மனைவி, கோபமில்லாமல், "ஆஸ்பத்திரியிலயும் பஞ்சுதான் சாமி" என்றார். இரண்டு நாள் கழித்து அடக்கப் பூசையும் நான்தான் வைத்தேன்.

கோயில் வாசலில் அந்த மகளுக்கு இதைத்தான் சொன்னேன். ஒழுக்க சாஸ்திரத்தைவிட அந்தப் பஞ்சுதான் அவளுக்கு விளங்கியது என்று நினைக்கிறேன். கொஞ்ச நேரம் பேசாமல் நின்றாள். பிள்ளைக்குச் சொட்டு மருந்து வாங்க அந்தத் தாய் செவ்வாய்க்கிழமை மறுபடி வருவார் என்றும், அன்று தனக்குப் பகல் டூட்டி என்றும் சொன்னாள். "பிள்ளையை வாங்கி எடை போடணும் சாமி, வெறுங்கையாலதான் வாங்கணும்" என்றாள். பஸ் வந்துவிட்டது, ஏறிப் போய்விட்டாள். செவ்வாய்க்கிழமை என்ன ஆயிற்று என்று நான் இன்னும் கேட்கவில்லை.