அரை டிகிரி

அக்டோபர் வந்துவிட்டால் ஆஸ்திரியாவின் டிரோல் மலைகளில், ஹிண்டர்டுக்ஸ், ஸ்டூபாய் பனியாறுகளில், புதிய ஸ்கீக்களை ஓட்டிப் பார்க்கும் நாள்கள் தொடங்கிவிடும். வரிசையாகக் கூடாரங்கள். ஒன்றில் ஸ்டோக்லி லேசர், பக்கத்தில் ஃபோல்கல் ரேஸ்டைகர், அதற்கப்பால் ஆட்டமிக் ரெட்ஸ்டர், ஃபிஷர் ஆர்சி4, ஹெட். காலணியைப் பிடிக்கும் பைண்டிங்கோடு சேர்த்தால் பெரும்பாலும் ஆயிரம் யூரோவை எட்டிவிடும் சரக்கு. ஒன்றைக் கழற்றி மற்றொன்றை மாட்டிக்கொண்டு மக்கள் சரிவில் இறங்குவார்கள்; பொழுது சாய்வதற்குள் ஆளாளுக்கு ஒரு தீர்ப்பு தயாராக இருக்கும். இது பனியைக் கவ்வுகிறது, அது நழுவுகிறது. இது சொன்னபடி கேட்கிறது, அது முரண்டு பிடிக்கிறது.

அந்தத் தீர்ப்புகளில் பொய் இல்லை. காலுக்குக் கீழே நடந்ததைத்தான் சொல்கிறார்கள். ஆனால் எதை எதனோடு ஒப்பிட்டார்கள் என்று கேட்டால் விடை அவ்வளவு எளிதில்லை. காலையில் எடுத்த ஜோடியின் விளிம்பு முந்தின இரவு தீட்டப்பட்டதாக இருக்கும். மதியம் எடுத்ததை அதற்குள் பலர் ஓட்டியிருப்பார்கள். அவர்களில் ஒருவர் பனிக்கடியில் துருத்திய கல்லில் ஏற்றியும் இருப்பார். ஒரு ஜோடியின் பக்க விளிம்பு மூன்று டிகிரி சரிந்திருக்கும், இன்னொன்றில் இரண்டு. நிறுவனங்களை ஒப்பிடுவதாக நினைத்துக்கொண்டு நாம் பல நேரம் ஒப்பிடுவது முகம் தெரியாத யாரோ ஒருவரின் கைவேலையை.

ஸ்கீயின் உள்ளே என்ன இருக்கிறது என்று பார்த்தால் இது விளங்கும். நடுவில் மரம்: ஆஷ், பீச், பாப்லர் போன்றவற்றின் பட்டைகளை ஒட்டிச் செய்த தண்டு. மேலும் கீழும் டைட்டனால் என்கிற அலுமினியக் கலவைத் தகடு. ஆஸ்திரியாவின் ராண்ஸ்ஹோஃபெனில் அமாக் ஆலையில் உருவாகும் அந்தத் தகட்டைத்தான் ஒன்றோடொன்று போட்டியிடும் பல நிறுவனங்களும் வாங்குகின்றன. பிறகு கண்ணாடியிழை, பசை, அடியில் பாலிஎத்திலீன் தளம். எல்லாவற்றையும் அச்சில் வைத்துச் சூட்டில் அழுத்திச் சேர்க்கிறார்கள். தளத்தின் இரு ஓரங்களிலும் நெடுக ஓடுகிறது, சுமார் 2 மில்லிமீட்டர் அகலத்தில், எஃகு. இறுகிய சரிவில் வேகமாகத் திரும்பும் நொடியில் ஓடுகிறவரின் எடை, திருப்பத்தின் விசை, அவர் கொடுத்த காசு மூன்றும் அந்த எஃகின் மேல்தான் நிற்கின்றன.

இந்த எஃகு ஸ்கீயோடு கூடப் பிறந்ததில்லை. நூறாண்டுக்கு முன்புவரை வெறும் மரத்தின் ஓரம்தான்; இறுகிய பனியில் அது விரைவிலேயே தேய்ந்து உருண்டுவிடும். சால்ஸ்பர்க் பகுதி மலையேறி ருடால்ஃப் லெட்னர், சிறுசிறு எஃகுத் துண்டுகளைத் திருகாணியால் மர ஓரத்தில் பொருத்தும் முறைக்கு 1926-இல் காப்புரிமை பெற்றார். திருகாணி தளரும், துண்டு கழன்று விழும். அப்படியும் யாரும் வெறும் மரத்துக்குத் திரும்பவில்லை. உறைந்த சரிவிலும் ஊன்றி நிற்க முடியும் என்பதை உடம்பு ஒருமுறை அறிந்துவிட்டால் பிறகு அதை மறக்கச் சம்மதிக்காது.

கூர் என்றதும் கத்தி நினைவுக்கு வரும். கத்தியின் இரு முகங்களும் ஒன்றையொன்று நோக்கிச் சாய்ந்து மெல்லிய கோட்டில் முடியும். ஸ்கீயின் விளிம்போ ஏறக்குறைய செங்கோணம். தீட்டுவது என்றால் அந்த 90 டிகிரியை ஒன்றிரண்டு டிகிரி அசைப்பதுதான். அதற்கு இரண்டு முகங்கள் உண்டு, இரண்டுக்கும் வேலை வேறு. பக்க முகத்தை இரண்டோ மூன்றோ டிகிரி உள்வாங்கித் தீட்டினால் (பட்டறையில் இதை 88, 87 என்பார்கள்) கோணம் கூராகி உறைபனியில் நன்றாக இறங்கும். அடி முகத்தையோ அரை டிகிரி, ஒரு டிகிரி மேலே தூக்கித் தீட்டுகிறார்கள். ஸ்கீ தட்டையாகப் போகும்போது விளிம்பின் நுனி பனியில் படாமல் சற்றே விலகி நிற்கும். அந்த அளவுக்கு ஸ்கீயைச் சாய்த்த பிறகுதான் பிடி தொடங்கும். பக்கம் மூன்று டிகிரி, அடி ஒரு டிகிரி என்றால் மிஞ்சும் எஃகின் கோணம் 88. அடியை அரை டிகிரியாகக் குறைத்தால் 87.5.

பக்க முகம் பிடிக்கிறது. அடி முகம் விடுகிறது. இந்த இரண்டாவதைப் பற்றித்தான் எனக்கு நிறையச் சொல்ல வேண்டும், ஏனென்றால் ஸ்கீ வாங்குகிறவர்கள் அதைக் கேட்பதே இல்லை. அடி முகத்தைத் தூக்காமல் தளத்தோடு சமமாக விட்டுவிட்டால் ஸ்கீ எப்போதும் கவ்வத் தயாராக இருக்கும். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. அதன்மேல் ஏறி நின்றவருக்குத் தெரியும் சங்கதி: நேராகப் போகும்போதே ஓரம் சிக்கும், கணுக்கால் சற்று அசைந்தால் போதும், தானாகத் திரும்பப் பார்க்கும், தொடங்கிய திருப்பத்திலிருந்து வெளியே வரவும் விடாது. தளம் நடுவில் தேய்ந்து குழிந்து, விளிம்புகள் இரண்டும் மேடிட்டு நின்றாலும் இதே கதிதான். ஓடுகிறவர் ஸ்கீயைத் திட்டிக்கொண்டு கீழே வந்து சேர்வார். அவரைப் படுத்தியது எவ்வளவு? 2 மில்லிமீட்டர் அகலத்தில் ஒரு டிகிரி சாய்வு என்பது 0.035 மில்லிமீட்டர். தலைமுடியின் பாதித் தடிமன். அரை டிகிரி என்றால் அதிலும் பாதி.

வடிவமைப்பு முழுவதும் இந்த நூலிழையை நம்பி நிற்கிறது. பக்க வளைவின் ஆரம் 13 மீட்டர் கொண்ட ஸ்லாலம் ஸ்கீயை 60 டிகிரி சாய்த்தால், அது வளைந்து பனியில் வரையும் வட்டத்தின் ஆரம் பாதியாகி 6.5 மீட்டருக்கு வரும். கணிதம் அவ்வளவு அழகாக வேலை செய்கிறது, விளிம்பு நழுவாத வரைக்கும்.

அப்படியென்றால் பெயர்களுக்கு மதிப்பே இல்லையா? இருக்கிறது. யோசஃப் ஸ்டோக்லி 1935-இல் தொடங்கிய நிறுவனம் இன்று சுவிட்சர்லாந்தின் லூசர்ன் மாநிலத்து மால்டர்ஸில் ஸ்கீ செய்கிறது. அதன் சில லேசர் வகைகளில் மேல் டைட்டனால் தகட்டை நெளிகோடாக அறுத்து வைக்கிறார்கள். மெதுவாக ஓடும்போது அந்தத் தகடு இளகிக்கொடுக்கும்; வேகம் கூடி அழுத்தம் ஏறும்போது துண்டுகள் ஒன்றையொன்று முட்டி ஸ்கீ விறைக்கும். ஆட்டமிக் ரெட்ஸ்டரில் எஃகும் ரப்பர் போன்ற நெகிழ்பொருளும் சேர்ந்த அமைப்பு அதிர்வை உள்வாங்கிக்கொள்கிறது. இவை வெறும் விளம்பரப் பேச்சு இல்லை. நுட்பமான, உழைத்துக் கண்டுபிடித்த வேலைகள். ஆனால் ஒவ்வொன்றும் கடைசியில் செய்வது ஒன்றைத்தான்: முனையிலிருந்து வால்வரை அழுத்தத்தைச் சீராக விளிம்புக்குக் கொண்டுசேர்ப்பது, விளிம்பு பனியை விட்டு எகிறாமல் பார்த்துக்கொள்வது. விளிம்பு மழுங்கியிருந்தால் கொண்டுவந்து சேர்த்தது அங்கேயே வீணாகிறது. உறைபனியில், மழுங்கிய உயர்தர ஸ்கீயை நன்றாகத் தீட்டிய நடுத்தர ஸ்கீ தோற்கடித்துவிடும். அதைவிடக் கொடுமை, பிசகாகத் தீட்டிய உயர்தர ஸ்கீ. மென்மையான ஸ்கீ தீட்டியவரின் தவற்றை ஓரளவு மறைத்துவிடும். விறைப்பும் துல்லியமும் கொண்டது அந்தத் தவற்றையும் துல்லியமாகவே காலுக்கு அனுப்பும்.

தீட்டுவதைப் பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும். ஸ்கீயை அடிப்பக்கம் மேலாக இறுக்கி, நேர்ச்சட்டம் ஒன்றைத் தளத்தின் குறுக்கே நிறுத்தி, வெளிச்சத்துக்கு எதிரே குனிந்து பார்ப்பார்கள். சட்டத்தின் கீழ் கசியும் ஒளியில் குழியும் மேடும் தெரிந்துவிடும். பிறகு மார்க்கர் பேனாவால் விளிம்பின் பக்க முகம் முழுக்கக் கறுப்பு மை. 87 டிகிரிக்கான வழிகாட்டிக் கட்டையில் அரத்தைப் பொருத்தி ஒரே ஒரு இழுப்பு. மை முழுதாகப் போனால் பழைய கோணமும் அரத்தின் கோணமும் ஒன்று. தளத்தை ஒட்டிய நுனியில் மட்டும் மெல்லிய கறுப்புக் கோடு மிஞ்சினால் அரம் இன்னும் நுனிக்கு எட்டவில்லை. அங்கே நிறுத்தினால் பளபளப்பு வரும், கூர் வராது.

கல்லில் இடித்த இடம் வந்தால் ஓசையே மாறிவிடும். உராய்ந்த சூட்டில் கொதித்து, அடுத்த கணமே பனியில் குளிர்ந்த எஃகு அந்த ஓர் இடத்தில் மட்டும் அளவுக்கு மீறிக் கடினமாகியிருக்கும். அரம் கடிக்காமல் வழுக்கிக்கொண்டு போகும். அழுத்தினால் அரத்தின் பல்தான் போகும். முதலில் வைரத்தூள் பதித்த தீட்டுக்கல்லால், அதாவது வைரக்கல்லால், அந்தக் கடினத் தோலை எடுத்தாக வேண்டும். அரம் ஓடி முடிந்ததும் அடிப்பக்கம் ஒரு பிசிறு சுருண்டு நிற்கும். விரலுக்கு அதுவே கூராகத் தோன்றும், புதியவர்கள் அதோடு திருப்தியடைந்துவிடுவார்கள். சில திருப்பங்களிலேயே பிசிறு முறிந்து ஓரம் சொரசொரத்துவிடும். 200, 400, 600 என்று நயம் கூடும் வைரக்கற்களை நனைத்து ஓட்டி, பிசிறை எடுத்த பிறகு, நகத்தின் முதுகை விளிம்பின் குறுக்கே வைத்து மெல்ல இழுப்பார்கள். நகத்திலிருந்து வெள்ளையாகப் பொடி சீவி வந்தால் பதம்.

இவ்வளவு தூரம் வந்ததும், கூர் கூடக் கூட நல்லது என்று தோன்றும். பந்தய வீரர்களின் ஸ்கீக்களைத் தீட்டித் தரும் சர்வீஸ்மேன்கள் அப்படி நினைப்பதில்லை. கிட்ஸ்பூஹெலிலும் அடெல்போடனிலும் நீர் பாய்ச்சி இறுக்கிய உறைபனிக்கு முழுக் கூர் வேண்டும். கொலராடோவின் பீவர் க்ரீக்கில், குளிர்ந்து உலர்ந்த பனி தானே விளிம்பைப் பிடித்து இழுக்கும். அங்கே அதே கூரோடு போனால் ஸ்கீ ஓடுவதற்குப் பதில் கடித்துக்கொண்டு நிற்கும், திருப்பம் எதிர்பாராமல் இறுகும். அப்போது முனையிலும் வாலிலும் சற்று மழுக்குவார்கள். மணிக்கணக்கில் ஏற்றிய கூரைத் தாமே குறைக்க ஒரு தெளிவு வேண்டும். 2012 முதல் 2019 வரை தொடர்ந்து எட்டு முறை ஸ்கீ உலகக் கோப்பையின் ஒட்டுமொத்தப் பட்டத்தை வென்ற மார்செல் ஹிர்ஷர், கருவிகளைச் சோதித்துப் பார்ப்பதில் ஓய்வறியாதவர் என்று பெயரெடுத்தவர். பந்தய வீரர் மார்கோ ஓடர்மாட் 2022 முதல் 2025 வரை நான்காண்டும் அடெல்போடனின் ஜயன்ட் ஸ்லாலம் பந்தயத்தை ஸ்டோக்லியில் வென்றார். அதைப் பார்த்து லேசர் வாங்கக் கடைக்குப் போகிறவர்கள் உண்டு. அவர் காலில் இருந்த ஜோடிக்கு அந்த நாளின் பனியைப் பார்த்துக் கோணம் வைத்த கையை எந்தக் கடையிலும் விற்பதில்லை.

தீட்டுவது என்றால் எஃகைக் கழிப்பது. இதை நாம் வசதியாக மறந்துவிடுகிறோம். பக்க முகத்தில் கோணம் பிசகினால் இன்னும் கொஞ்சம் தேய்த்து நேராக்கிக்கொள்ளலாம். அடி முகத்தில் அரை டிகிரிக்குப் பதில் ஒன்றரை டிகிரி போய்விட்டால் மீள ஒரே வழிதான்: கல் இயந்திரத்தில் ஏற்றி, தளம் முழுவதையும் அந்தப் புதிய மட்டத்துக்கு இறக்க வேண்டும். ஒரு தலைமுடியின் பாதித் தடிமன் கூடிப்போனதற்காக ஒன்றரை மீட்டருக்கு மேல் நீளும் தளம் முழுவதும் தேயும். பந்தய ஸ்கீக்கள் ஓயாமல் தீட்டப்பட்டு வெகு சீக்கிரம் தீர்ந்துபோகின்றன. யாரும் தொடாமல் ஈரத்தோடு பரணில் போட்ட ஸ்கீயில் எஃகு முழுதாக இருக்கும், துருவோடு.

நல்ல பொருளை வாங்கினால் அதன் சிறப்பும் கூடவே வந்துவிடும் என்று நம்புகிறோம். வருவது முதல் சில நாள்களுக்கான சிறப்புதான். பிறகு ஒவ்வொரு முறையும் அதைப் புதிதாக உண்டாக்க வேண்டும், உண்டாக்கும் ஒவ்வொரு முறையும் பொருளிலிருந்தே கொஞ்சம் எடுத்தாக வேண்டும். பராமரிப்பைத் தேய்மானத்துக்கு எதிரான வேலையாக நினைத்துப் பழகிவிட்டோம். இந்த எஃகுக் கோட்டில் இரண்டும் ஒரே வேலை. தேயக் கூடாது என்றால் தீட்டக் கூடாது, தீட்டாவிட்டால் அது எந்தச் சரிவிலும் நிற்காது. உயர்ந்த ஒன்றை உயர்ந்ததாகவே வைத்திருப்பது அதைச் செலவழிப்பதுதான். எந்தப் பனிக்காக, எவ்வளவு என்பதில் மட்டும்தான் நம் கைக்கு உரிமை. அந்த உரிமையைக் கவனமாகப் பயன்படுத்துகிறவரையே நான் அந்த ஸ்கீயின் சொந்தக்காரர் என்பேன்.

ஆகவே எந்த ஸ்கீ வாங்கலாம் என்று கேட்பவரிடம், யார் தீட்டப் போகிறார்கள், எந்தக் கோணத்தில் என்று முதலில் கேட்டுவிட வேண்டும். 1,400 யூரோ ஒதுக்கியிருந்தால் ஆயிரத்துக்குள் ஒன்றைப் பார்த்துக்கொண்டு, மீதியில் ஒரு வழிகாட்டிக் கட்டை, ஒரு நல்ல அரம், மூன்று வைரக்கல் வாங்கிக்கொள்ளட்டும். பக்க முகத்தில் தாராளமாகக் கைபழகலாம். அடி முகத்தை மட்டும் முதல் ஓரிரு குளிர்காலங்களுக்குத் தொட வேண்டாம்.